ஏழு பெரிதா, மூன்று பெரிதா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? மரக்காணம் நெருங்கும்போது சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக ஏதோ மின்னும். குழந்தைகள் "பனிமலை!" என்று கூவும். பெரியவர்கள் "உப்பளமடா!" என்று திருத்துவார்கள். அந்த உப்பைப் பற்றி எழுதத்தான் நானும் நம் படக்காரரும் போயிருந்தோம். திரும்பி வந்தபோதோ, என் குறிப்புப் புத்தகத்தில் உப்பைவிட லேப்டாப்தான் அதிகமாக இருந்தது!

நடந்தது இதுதான். விடியற்கருக்கலிலேயே பாத்தியில் இறங்கியவர்கள், வெயில் ஏறியதும் கொட்டகை நிழலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, நீங்க படிச்சவங்க. ஏழு பெரிசா, மூணு பெரிசா?"

நான் விழித்தேன். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அவருடைய மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. லேப்டாப் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் இரண்டைக் காட்டினாராம். ஒன்று 'ஐ7', கைமாறி வந்தது, துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். மற்றொன்று 'ஐ3', புத்தம் புதிது. விலையோ ஏறத்தாழ ஒன்றுதான். "ஏழுன்னா ஏழுதாம்மா! யானை இளைச்சாலும் யானைதான்" என்றாராம் கடைக்காரர்.

மூத்த மகன் காலத்தில் இந்தக் கவலை இல்லை. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது அவனுக்கு ஒன்று கிடைத்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டான். இப்போது சொந்தப் பணம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகளெல்லாம் தண்ணீர்க் காடு. உப்பும் இல்லை, கூலியும் இல்லை.

"தப்பான சாமானை வாங்கிட்டா, இன்னொரு தரம் வாங்க நம்மால ஆகாதும்மா" என்றார் அந்த அம்மாள்.

காகிதத்தைப் பார்த்தேன். மகள் கெட்டிக்காரி! கடையில் கண்டதை எழுத்து விடாமல் குறித்து வந்திருந்தாள். ஒன்றில் 'ஐ7-7500யூ'. மற்றொன்றில் 'ஐ3-1215யூ'. சூட்சுமம் முழுவதும் அந்த நீண்ட எண்ணில்தான் இருக்கிறது.

லேப்டாப்பின் மூளைக்குப் பிராஸஸர் என்று பெயர். இன்டெல் கம்பெனியார் தங்கள் பிராஸஸர்களுக்கு மூன்று, ஐந்து, ஏழு என்று தரம் வைத்தார்கள். ஆனால் அந்தத் தரம் ஒரே வகுப்புக்குள் போட்ட தரம். எந்த வகுப்பு என்பதைப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம் சொல்லும். 7500 என்றால் ஏழாவது தலைமுறை. 1215 என்றால் பன்னிரண்டாவது தலைமுறை. முன்னது 2016-இல் வந்தது, பின்னது 2022-இல்.

இனி நீங்களே சொல்லுங்கள். ஏழாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பையனையும், பன்னிரண்டாம் வகுப்பில் சுமாராகப் படிக்கும் பையனையும் உட்கார வைத்து, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தால் யார் போடுவான்?

இன்னொரு கணக்கும் உண்டு. பிராஸஸருக்குள் வேலை செய்கிற பகுதிகளுக்குக் 'கோர்' என்று பெயர். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது போல. அந்தப் பழைய ஐ7-இல் இரண்டே பேர். புதிய ஐ3-இல் ஆறு பேர்: கனமான வேலைக்கு இரண்டு கைகாரர்கள், சில்லறை வேலைகளைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்க நான்கு உதவியாளர்கள். பாடம் கேட்டுக்கொண்டே குறிப்பெழுதி, நடுவில் புரோகிராமையும் ஓட்டிப் பார்க்கிற மாணவிக்கு எது உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி அளித்து வந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு அவர்கள் அங்கீகரித்த பிராஸஸர்களின் பட்டியலில் இந்த 7500யூ இல்லவே இல்லை! அங்கீகாரம் இல்லாத யந்திரத்தில் அதை எப்படியோ ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. நாளைக்கு அது தகராறு செய்தால் பொறுப்பேற்க ஆள் இராது.

"அப்படின்னா புது ஏழு வாங்கினா நல்லதா?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த இன்னொரு பெண். நியாயமான கேள்வி. அதிலும் ஜாக்கிரதை தேவை. பன்னிரண்டாவது தலைமுறையிலேயே ஐ5-1235யூ, ஐ7-1255யூ என்று இரண்டு உண்டு. இரண்டிலும் பத்துப் பத்துக் கோர்கள்தான். உச்ச வேகம் ஒன்றில் 4.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.7. படம் காட்டும் திறனிலும் சிறிது வித்தியாசம். இதற்காகப் பல ஆயிரம் அதிகம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் எட்டு ஜி.பி. ராமைப் பதினாறாக்கிக் கொள்ளலாம். ஆனால் சில லேப்டாப்களில் ராமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 'யூ' என்றால் மின்சாரம் குறைவாகக் குடிப்பது. சூடு குறைவு, பாட்டரி நீடிக்கும். 'ஹெச்' என்றால் வேகம் அதிகம். சூடும் அதிகம், விசிறிச் சத்தமும் அதிகம். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் பெரிய விளையாட்டுப் பிரியர்களுக்கும் அது சரி. மரக்காணத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழே படிக்கும் பெண்ணுக்கு 'யூ' போதும்.

ஏ.எம்.டி. கம்பெனியின் ரைஸன் பிராஸஸர்களும் நல்லவையே. அங்கும் ஒரு பொடி இருக்கிறது. ரைஸன் 5-7520யூ, ரைஸன் 5-7530யூ இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிறவிகள். ஆனால் மூன்றாவது இலக்கம்தான் உள்ளமைப்பின் வயதைச் சொல்லும். '2' போட்டது பழைய அமைப்பு, நான்கு கோர்கள். '3' போட்டது அதற்கடுத்த அமைப்பு, ஆறு கோர்கள்.

2023-இலிருந்து இன்டெல்காரர்கள் பெயரையும் மாற்றத் தொடங்கினார்கள். 'ஐ' என்ற எழுத்து இல்லாமல் 'கோர் 5' என்றோ 'கோர் அல்ட்ரா 5' என்றோ கண்டால் போலிச் சரக்கென்று பயப்பட வேண்டாம். 'ஸ்நாப்டிராகன்' என்றிருந்தால் மட்டும், கல்லூரியில் சொல்லும் மென்பொருள்களும் வீட்டிலுள்ள பிரிண்டரும் அதில் ஓடுமா என்று விசாரித்த பிறகே கையைப் பையில் விடுங்கள். அதன் அமைப்பே வேறு.

எல்லாவற்றையும் கேட்ட அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, குவியலிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"உப்பு விளைஞ்சதும் மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணியை வடிச்சு விடணும். விடாம மேலும் மேலும் காயவிட்டா அதுலயும் உப்பு விழும். பார்க்க இதே வெள்ளைதான். நாக்குல வச்சாத்தான் கசப்புத் தெரியும். மூட்டையில போட்டா கசிஞ்சுபோகும். கடைக்காரர் காட்டினது அந்தச் சங்கதிதானா?"

நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்!

காகிதத்தை வாங்கி, ஐ7-ஐ அடித்துவிட்டு, பின்புறத்தில் நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தலைமுறை? எத்தனை கோர்? கடைசி எழுத்து என்ன? ராமைப் பின்னால் கூட்டலாமா? சகோதரிகளே, நீங்களும் இந்த நான்கையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் "ஏழுன்னா ஏழுதாம்மா" என்று மழுப்புகிற கடையாக இருந்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அந்த அம்மாள் காகிதத்தை மீண்டும் முந்தானையில் முடிந்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போறேன். எனக்கு இங்கிலீசு வராது. ஆனா எண்ணு தெரியும்!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினார்.