அப்பாவின் காதும் என் கேமராவும்

கம்போங் மேடானில் அதிகாலையில் முதலில் சத்தம் போடுவது காகமா, மோட்டார் சைக்கிளா என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். அந்தக் காகத்துக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவை அது. நம் முன்னோரைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டது!

இதை அப்பாவிடம் சொன்னதும் சிரித்தார். அப்புறம் செண்பகம், மாங்குயில், மீன்கொத்தி என்று பால்மரத் தோட்டத்தில் தாம் பார்த்த பறவைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வேலை ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவோடு இருவரும் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் புறப்பட்டோம்.

ஏரியும் அலையாத்திக் காடும் சேர்ந்த இடம் அது. ஏறக்குறைய செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, சைபீரியா போன்ற குளிர்நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் இந்தக் கடற்கரைச் சேற்றில் இரை தேடும்.

அப்பாவுக்கு இப்போது பார்வை கொஞ்சம் மங்கல். காது மட்டும் அதே கூர்மை. பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ‘ஊப்... ஊப்’ என்று கேட்டதும், “செண்பகம். புதருக்குள்ள இருக்கு, வெளியே வரும், இருப்பா” என்றார். வந்தது. சிரிப்பதுபோல் ஒரு குரல் கேட்டதும், “மீன்கொத்தி” என்று கையை நீட்டினார். அவர் காட்டிய திசையில் கேமராவைத் திருப்புவதுதான் என் வேலை.

வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே எங்களுக்குக் கை நடுங்கும். அங்கே அரை மணி நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். திரும்பும் வழியில் பசியாறும்போது, கூகை கத்தினால் லயத்தில் எல்லாரும் எப்படிப் பயப்படுவார்கள் என்று அப்பா நடித்தே காட்டினார். அதே கூகைக்குத்தான் இன்று செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து எலி பிடிக்க இடம் கொடுக்கிறார்கள்.

நீங்களும் போகலாம். கோலசிலாங்கூர் தூரம் என்றால், மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா, டிங்கிலில் பழைய ஈய லம்பத்தில் உருவான பாயா இண்டா சதுப்புநிலம் இரண்டும் இருக்கின்றன. திறக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் வெளிச்சமும் மென்மை, பறவைகளும் சுறுசுறுப்பு. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பறவையின் கண்ணைக் குறிவையுங்கள். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/1000 விநாடியாவது வேண்டும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கூட்டின் அருகே போகாதீர்கள். படத்துக்காகப் பறவைக் குரலை ஒலிபரப்பி ஏமாற்றவும் கூடாது.

பெரிய கேமரா இல்லையா? கைத்தொலைபேசி போதும். அதில் குரல் பதிவையும் இயக்கிவிட்டு, “இது என்ன பறவைப்பா?” என்று கேளுங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கே வழங்கிய பறவைப் பெயர்களும் கதைகளும் இன்னும் நம் அப்பா அம்மாவிடம் இருக்கின்றன. அவர்கள் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.