படம் பார்த்தவரின் ஆங்கிலம்

ஆங்கிலம் அறியாதவர் வாயிலும் ஆங்கிலச் சொற்கள் தாராளமாக உலவும் துறை ஒன்று நம்மிடையே உண்டு. அது திரைப்படத் துறை. ஷாட், கட், டேக், ஹீரோ, வில்லன், இன்டர்வெல், கிளைமாக்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத மூதாட்டியும் “கிளைமாக்ஸ் சரியில்லை” என்று தீர்ப்புச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியிருந்தும், ஆங்கிலம் பயிலும் மாணவர் ஒருவரைத் தாம் பார்த்த படத்தைப் பற்றி அம்மொழியில் ஐந்து வாக்கியம் பேசச் சொன்னால், “குட் ஃபிலிம், நைஸ் ஸ்டோரி” என்பதற்கு மேல் நா எழுவதில்லை. அதே படத்தைத் தமிழில் அரைமணி நேரம் அலசிக் காட்டக்கூடியவர் அவர். வெளி மாநிலத்து விடுதியிலோ, வேலைக்கான நேர்முகத் தேர்விலோ அவர் வாயடைத்து நிற்கும்போது, சொல் இல்லாமையைக் கருத்து இல்லாமை என்றே மற்றவர் கொண்டுவிடுகின்றனர். பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வரும் எனக்கு இது சிறிய குறையாகத் தோன்றவில்லை.

காரணம் என்ன? நாம் கைக்கொண்டிருக்கும் சொற்களிற் பல, படம் எடுப்போரின் பட்டறையிலிருந்து வந்தவை. படம் பார்ப்பவர் தம் மனத்தைச் சொல்ல அவை உதவா. மற்றவையோ, தமிழ்நாட்டில் நெடுநாள் குடியிருந்து பொருள் மாறிப்போனவை. சினிமா என்பது இங்கிலாந்தில் கொட்டகையைக் குறிக்கும், அக்கலையையும் குறிக்கும். தனிப் படம் ஒன்றைக் குறிக்காது. ஆகவே “ஐ ஸா எ சினிமா” என்றால், கட்டடத்தைப் பார்த்து வந்ததாகவே பொருள்படும். டாக்கி என்பது அங்கே பேசும் படம். 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ நம் முதல் டாக்கி. நம் ஊர்களிலோ அச்சொல் டாக்கீஸ் என்று கொட்டகையின் பெயர்ப்பலகையில் ஏறிக்கொண்டது. கொட்டகை படமாயிற்று, படம் கொட்டகையாயிற்று!

கிளைமாக்ஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் படத்தின் முடிவை. ஆங்கிலத்திலோ அது கதையின் இறுக்கம் உச்சத்தை எட்டும் இடம். முடிவுக்கு எண்டிங் என்னும் தனிச்சொல் உண்டு. இவற்றினும் ஏமாற்றும் சொல் சென்டிமென்ட். தாயும் மகனும் பிரிந்து சேரும் காட்சியைச் சென்டிமென்ட் நிறைந்தது என்று நாம் மெச்சுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு படத்தைச் சென்டிமென்டல் என்றால், கண்ணீரை வலிந்து பிழிகிறது என்று குறை கூறுவதே பெரும்பாலும் கருத்து. பாராட்ட விரும்புகிறவர் மூவிங் என்றோ டச்சிங் என்றோ சொல்லவேண்டும். புகழ எண்ணிய வாய் பழித்துவிடக் கூடாதன்றோ?

இன்னொன்று, “முதற் பாதி விறுவிறுப்பு, பிற்பாதி தொய்வு” என்று நாம் படத்தை இடைவேளையில் வெட்டி எடை போடுகிறோம். மேனாட்டுப் படங்கள் பெரும்பாலும் இடைவேளையின்றியே ஓடுவன. அவர்களிடம் “ஆஃப்டர் தி இன்டர்வெல்” என்றால் விழிப்பார்கள். ‘பேஸ்’, அதாவது கதையின் ஓட்டம், நடுப்பகுதிக்குப் பிறகு தளர்கிறது என்றால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

சொற்களினும் முக்கியமானது வினையின் காலம். இதனை இலக்கண நூல்கள் எடுத்துரைப்பது அரிது. கதை சொல்லும்போது தமிழர் எதிர்கால வினையை ஆள்கிறோம். “கதாநாயகன் ஊருக்கு வருவான், அங்கே ஒரு பெண்ணைப் பார்ப்பான், அவள் அண்ணன் தடுப்பான்” என்பது திண்ணைப் பேச்சின் இயல்பு. நாளை நடக்கப்போவதைச் சொல்கிறார் என்று கேட்பவர் எவரும் எண்ணார். இதனை அப்படியே “ஹி வில் கம், ஹி வில் ஸீ எ கேர்ள்” என்று பெயர்த்தால், அந்தப் படம் இன்னும் எடுத்து முடியவில்லை போலும் என்று ஆங்கிலேயர் மயங்கக்கூடும். படக்கதையை அவர்கள் நிகழ்காலத்தில் சொல்வார்கள்: “ஹி கம்ஸ் ஹோம், ஹி மீட்ஸ் எ கேர்ள்.” இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே பாதித் தடுமாற்றம் நீங்கும்.

புதுச் சொற்களை அகராதி வரிசையில் உருப்போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அவை பிறந்த இடத்தை அறிந்தால் தாமே மனத்தில் தங்கும். எடுத்த படத்தை ஃபுட்டேஜ் என்பது ஏன்? ஃபிலிம் சுருளை அடிக்கணக்கில் அளந்த காலத்துச் சொல் அது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருள், நொடிக்கு 24 சட்டம் வீதம் ஓடினால், நிமிடத்துக்கு 90 அடி செல்லும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். சுருள் பெரும்பாலும் மறைந்துவிட்ட இந்நாளிலும் அடிக்கணக்கு சொல்லில் நின்றுவிட்டது. டிரெய்லர் என்றால் பின்னால் இழுபட்டு வருவது. முன்னோட்டத்துக்கு அப்பெயர் பொருந்தாதே எனலாம். ஆதியில் அது படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டது என்று அறிந்தால் ஐயம் தீரும். பிளாக்பஸ்டர் என்பது இரண்டாம் உலகப் போரில் ஒரு தெருப்பகுதியையே தகர்க்கவல்ல பெருங்குண்டின் பெயர். இப்போது வசூலைக் குறிக்கிறது.

பயிற்சிக்கு நாம் நன்கறிந்த தமிழ்ப் படமே ஏற்றது. எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வெளிவந்த, பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கதை எங்கே, எப்போது நிகழ்கிறது என்பதற்கு ‘செட் இன்’: “இட் இஸ் செட் இன் மெட்ராஸ் இன் 1943.” யார் எந்த வேடம் என்பதற்கு ‘ப்ளேஸ்’: “சிவாஜி கணேசன் ப்ளேஸ் எ ரேடியோ எஞ்சினியர்.” வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஐயத்துக்கு உள்ளானவர்கள் ‘சஸ்பெக்ட்ஸ்’. ஒவ்வொருவரும் சொல்லும் வரலாறு அவரவர் ‘வெர்ஷன்’. அது பின்னோக்கிக் காட்டப்படும் முறை ‘ஃபிளாஷ்பேக்’. கதை நம்பும்படி இருந்தால் ‘கன்வின்ஸிங்’; இறுதிவரை ஊகிக்க முடியாதிருந்தால் “இட் கீப்ஸ் யூ கெஸ்ஸிங்.” இவற்றுடன் ‘பிகாஸ்’ என்னும் சிறு சொல்லைச் சேர்த்து, ஏன் பிடித்தது என்று ஒரு காரணம் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் எதிரே இருந்து மறுத்துப் பேசினால் இன்னும் நல்லது.

கொலையாளி யார் என்பதை மட்டும் படம் பாராதவரிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லிக் கெடுப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஸ்பாய்லர்.