தபால் ஆபீஸுக்கு ஒரு வீரரின் பெயர்

அமெரிக்காவில் ஒரு தபால் ஆபீஸுக்கு ஒருவர் பெயரை வைக்க வேண்டுமென்றால், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றி, அதிபர் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பியவர்கள் உடனே கேட்பது, "அவ்வளவு பெரிய சபைக்கு இதுதான் வேலையா?" என்று. நியாயமான கேள்வி. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இதை நிதானமாகத்தான் பார்க்க வேண்டும்.

நியூயார்க் என்றதும் நமக்கு வானளாவிய கட்டடங்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த மாநிலத்தின் மேற்குக் கோடியில் சையோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மொத்த ஜனத்தொகை இரண்டாயிரத்தை எட்டாது. ஜேசன் டன்ஹாம் அந்த ஊர்ப் பையன். 1981 நவம்பர் 10ஆம் தேதி பிறந்தவர். அமெரிக்க மரைன் படை தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவதும் அதே நவம்பர் 10தான். அந்தப் படையிலேயே சேர்ந்து கார்ப்பரல் ஆனார். பணிக்காலம் முடியவிருந்தபோது, தன் பிரிவினரோடு ஈராக்கில் இருக்க வேண்டும் என்று தானாகவே அதை நீட்டித்துக்கொண்டார்.

2004 ஏப்ரல் 14. சிரியா எல்லையை ஒட்டிய ஒரு ஊரில் வாகனங்களை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வண்டியிலிருந்து குதித்தவன் டன்ஹாம் மேல் பாய்ந்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். அவன் கையிலிருந்து ஒரு கையெறிகுண்டு நழுவி விழுந்தது. டன்ஹாம் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் மேல் கவிழ்த்து, உடம்பாலும் அழுத்திப் படுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தோழர்கள் பிழைத்தார்கள். எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 22ஆம் தேதி, மேரிலாந்து மாநிலத்துக் கடற்படை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 22.

நம் பரம்வீர் சக்ராவுக்கு இணையான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது. 2006 நவம்பரில், உயிரோடிருந்தால் 25 வயது நிறைந்திருக்கும் நாளில் அதை அறிவித்தார்கள். 2007 ஜனவரியில் குடும்பத்தார் வெள்ளை மாளிகையில் பெற்றுக்கொண்டார்கள். 2010இல் ஒரு போர்க்கப்பலுக்கும் அவர் பெயரைச் சூட்டிக் கடற்படையில் சேர்த்தார்கள். இவையெல்லாம் நடப்பதற்கு முன்பே, 2006இல், சையோ தபால் ஆபீஸ் சட்டப்படி 'கார்ப்பரல் ஜேசன் எல். டன்ஹாம் தபால் நிலையம்' ஆகிவிட்டது. பதக்கத்துக்குச் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், பல படிகளில் ஒப்புதல் வேண்டும். அத்தனைக்கும் ஊர் காத்திருக்கவில்லை. என் மனதில் நின்றது இந்த முந்துதல்தான்.

சரி, இது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் ஊர்க்காரர்களோ குடும்பத்தாரோ தொகுதி உறுப்பினரிடம் போய்க் கேட்கிறார்கள். அவர் ஒரு மசோதா கொண்டுவருகிறார். மசோதா என்றவுடன் தடித்த புத்தகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். இன்ன தெருவில் இன்ன எண்ணில் உள்ள தபால் நிலையம் இனி இன்ன பெயரால் அறியப்படும் என்பது முதல் பிரிவு. நாட்டின் எந்தச் சட்டத்திலும் வரைபடத்திலும் ஆவணத்திலும் அந்தக் கட்டடத்தைப் பற்றி வரும் குறிப்பு இந்தப் பெயரையே குறிப்பதாகக் கொள்ளப்படும் என்பது இரண்டாவது. அவ்வளவுதான்.

இதில் மெனக்கெட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் அவைக்குப் போன உறுப்பினர்கள் எல்லோரும் மசோதாவில் பெயர் சேர்த்தால்தான் அவையின் குழு அதை எடுத்துக்கொள்ளும். டன்ஹாம் மசோதா வந்த காலத்தில் நியூயார்க்குக்கு 29 இடங்கள். டெக்சாஸ் என்றால் இப்போது 38. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று பிரிந்து நிற்பவர்கள் அத்தனை பேரும் ஒரே பெயருக்குச் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகு வழி எளிது. நாற்பது நிமிடத்துக்கு மேல் விவாதம் கிடையாது, திருத்தம் கிடையாது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடும். பிறகு செனட், பிறகு அதிபர்.

கையெழுத்து ஆன பிறகு என்ன மாறுகிறது? வெளியில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஊரின் முகவரி மாறாது, பின்கோடு மாறாது. அஞ்சல் துறை அந்த அலுவலகத்தைப் பழைய பெயரால்தான் நிர்வகிக்கும். உள்ளே, ஜனங்கள் வந்துபோகும் கூடத்தில், ஒரு பலகை பதிக்கப்படும். செலவு சொற்பம். குடும்பத்துக்குப் பணமோ சலுகையோ இதனால் வருவதில்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? பள்ளிக்கூடமும் நகர மன்றமும் உள்ளூர் நிர்வாகத்தின் சொத்து. மத்திய அரசுக்குச் சின்ன ஊரில் இருக்கும் முகம் பெரும்பாலும் தபால் ஆபீஸ் ஒன்றுதான். போருக்கு அனுப்பியதும் அதே அரசு. அது தன் கூரையின் கீழ் அந்தப் பையனின் பெயரை எழுதி வைப்பதில் ஒரு முறை இருக்கிறது. டன்ஹாம் பெயர் தாங்கிய போர்க்கப்பல் எங்கோ கடலில் ஓடும். சையோவில் பார்சல் அனுப்ப வரும் அவருடைய பள்ளித் தோழன் அதைப் பார்க்கப்போவதில்லை. தபால் ஆபீஸ் பலகையை அவன் வரும்போதெல்லாம் பார்ப்பான். லாங் ஐலண்டில் உள்ள பாட்சோக் என்ற ஊரிலும் இப்படித்தான். 2005இல் ஆப்கானிஸ்தானில் உயிர்விட்ட கடற்படை லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபியின் பெயரை அவ்வூர்த் தபால் ஆபீஸுக்குச் சூட்டினார்கள். 

ராணுவ வீரர்கள் மட்டுமல்ல, கடமையில் உயிர்விட்ட போலீஸ்காரர்களும் இந்த வரிசையில் உண்டு. நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு பெயரைச் சொல்கிறேன்: சந்தீப் சிங் தாலிவால். ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியின் ஷெரிஃப் துறையில் முதல் சீக்கிய அதிகாரி. தலைப்பாகையோடும் தாடியோடும் பணிபுரிய 2015இல் அனுமதி பெற்றவர். 2019 செப்டம்பர் 27 அன்று ஒரு காரை நிறுத்திச் சோதித்துவிட்டுத் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 முடிவதற்குள் சட்டம் வந்தது. மேற்கு ஹூஸ்டனில் ஒரு தபால் ஆபீஸ் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் ஒருவரின் பெயர் தாங்கிய இரண்டாவது தபால் ஆபீஸ் அது. முதலாவது கலிஃபோர்னியாவில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தலிப் சிங் சவுந்த் பெயரில் உள்ளது. தலைப்பாகை அணிந்து வேலை பார்க்கலாமா என்று ஒரு காலத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தவரின் பெயர் அரசுச் சுவரில் ஏறியிருப்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தபால் ஆபீஸ் பெயர்ச் சட்டம். நேரம் வீண் என்பது பழைய குற்றச்சாட்டு. அதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் குறைவு. எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகள் ஒரு ஊரின் துக்கத்தில் ஒத்துப்போவது நல்லதுதான்.

என் குறை வேறு. செத்தவரின் பெயருக்குக் கிடைக்கும் இந்த ஒற்றுமை, பிழைத்து வந்தவர்களின் நோய்க்குக் கிடைப்பதில்லை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பையைத் திறந்த குழிகளில் போட்டு எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த வீரர்களுக்குப் பின்னாளில் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தன. அவர்களுக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் தரும் சட்டத்துக்காக முன்னாள் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2022 ஜூலையில் செனட்டில் அது தடைபட்டபோது, நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் அதிபர் கையெழுத்திட்டார். அந்தச் சட்டமும் ஒரு வீரரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சார்ஜென்ட் ஹீத் ராபின்சன் நுரையீரல் புற்றுநோயால் 2020இல் இறந்தவர். சுமார் 35 லட்சம் முன்னாள் வீரர்கள் வரை அந்தச் சட்டத்தால் பயன்பெறலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

அமெரிக்காவில் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தயங்காமல் எழுதுங்கள். அந்தப் பெயரைச் சூட்டக் கேளுங்கள். கூடவே, அதே ஊரில் அவரோடு பணிபுரிந்து திரும்பி வந்தவர்களுக்குச் சிகிச்சை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.