மெய்ம்மயிரின் பயன் யாது?



மனித உடலில் மயிர் எதற்கு என்பது உயிரியல் வகுப்பில் மாணவர் தயங்கிக் கேட்கும் வினா. மயிர் என்னும் பழஞ்சொல் இன்று வசையாகத் திரிந்துவிட்டமையால் ஆசிரியரும் அதனை விரைந்து கடந்துவிடுவதுண்டு. தம் உடலில் புதிதாக மயிர் அரும்புவதைக் கண்டு நாணும் வளரிளம் பிள்ளைக்கு அம்மௌனம் நன்மை செய்யாது. ஆதலின் அவ்வினாவையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துவோம். நோக்கம் வேறு, பயன் வேறு. திட்டமிட்டுச் செய்வோர்க்கே நோக்கம் உண்டு. படிமலர்ச்சி எதனையும் திட்டமிடுவதில்லை. உடலில் தோன்றும் ஒரு வேறுபாடு, அதனை உடையோர் பிழைத்து மகப்பெற உதவுமாயின், தலைமுறைதோறும் பெருகும். ஆகவே மயிரின் நோக்கத்தை அன்று, பயனையே நாம் கேட்டல் வேண்டும்.

மனிதன் மயிரற்றவன் என்பது வெறுந்தோற்றமே. நம் உடலில் ஏறத்தாழ 50 இலட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. குறைந்தது மயிரின் தொகையன்று. அதன் நீளமும் தடிப்புமே. இதன் காரணம் பற்றி அறிஞர் மாறுபட்டனர். மலாய்த் தீவுக்கூட்டத்தில் 1854 முதல் 1862 வரை ஆய்வு நிகழ்த்திய வாலஸ், மழையில் நனையும் முதுகிற்கு மயிர் நன்மையே தரும். அதன் இழப்பை இயற்கைத் தேர்வால் விளக்கவியலாது என 1870இல் எழுதினார். துணையைத் தெரிந்தெடுக்கும் விருப்பமே காரணம் என்றார் டார்வின், 1871இல்.

இன்று பலரும் ஏற்பது வெப்பத்தைப் பற்றிய விளக்கம். ஆப்பிரிக்க வெயிலில் நெடுந்தொலைவு நடந்த நம் முன்னோர்க்கு வியர்வையே குளிர்ச்சி தந்தது. வியர்வை தோலின்மேல் உலரும்போது உடல் வெப்பம் நீங்கும். அடர்ந்த மயிர் அதற்குத் தடையாகும். உச்சி வெயிலை நேரே ஏற்கும் தலையிலோ மயிர் நிழலாக நின்றது. சுருண்ட மயிரே கதிரவன் வெப்பத்தை மிகுதியும் தடுக்கின்றதென 2023இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

அங்ஙனமாயின் எஞ்சிய மென்மயிர் வீணோ? அன்று. 1877இல் கோலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர்ப் பேராக் எங்கும் பரவிய தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற நம் மூத்தோரை எண்ணுக. இருளில் கையில் அமரும் கொசுவைக் கண் காணாது, மயிர் உணரும். ஒவ்வொரு மயிர்க்காலையும் நரம்பு நுனிகள் சூழ்ந்துள்ளமையால், மயிர் சிறிது அசையினும் மூளை அறியும். இங்கிலாந்தின் செபீல்டு பல்கலைக்கழகத்தார் 2011இல் மழித்த கையிலும் மழிக்காத கையிலும் மூட்டைப்பூச்சிகளை விட்டு ஆய்ந்தனர். மயிருள்ள கையில் அவை கடிக்க இடந்தேடி அலைந்தன. விரைவிற் கண்டுகொள்ளவும் பட்டன.

மயிர்க்கூச்செறிதலும் அத்தகையதே. குளிரிலும் அச்சத்திலும் பூனையின் மயிர் சிலிர்த்து உடலைப் பெரிதாக்கிக் காட்டும். நமக்கு அப்பயன் மறைந்தது. மயிரை நிமிர்த்தும் சிறு தசை மறையவில்லை. அத்தசையின் துணையால் நரம்பு மயிரின் குருத்தணுக்களை அடைந்து புதுமயிர் வளரத் தூண்டுவதை 2020இல் எலிகளிடத்துக் கண்டனர். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு ஓர் இயலே வகுத்தது தொல்காப்பியம்.

அக்குளில் வளரும் மயிர் மணத்தைப் பரப்பவோ, உராய்வைக் குறைக்கவோ உதவலாம். இதில் அறிஞர் இன்னும் ஒருமித்திலர். எனினும் அது நோயுமன்று, அழுக்குமன்று, பருவத்தின் இயல்பு. வைத்துக்கொள்வதும் மழிப்பதும் அவரவர் விருப்பம். மயிர் என்னும் சொல்லை ஆசிரியர் கூசாது வகுப்பில் ஆள்வாராயின், மாணவரும் தம் உடலைக் கூசாது அறிந்துகொள்வர்.