பிங் போட்டுப் பார்த்தாச்சா?

மொபைலில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் பையன்கள் "பிங் இருநூறைத் தாண்டிருச்சுடா!" என்று அலறுவதைக் கேட்காத வீடு இன்று குறைவு. தான் சுட்ட குண்டு எதிராளி மேல் படுவதற்குள் தானே செத்துப்போனதற்கு அந்த எண்தான் காரணம் என்பது அவர்கள் வாதம். பெரும்பாலும் நியாயமான வாதம்தான். கைபேசியிலிருந்து கிளம்பிய செய்தி, விளையாட்டை நடத்தும் சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்ப 200 மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் பொருள்.

இந்த நேரத்தை அளக்கும் சின்ன புரோகிராமை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்காவின் மேரிலாந்தில், ராணுவத்தின் பீரங்கி, ஏவுகணை ஆய்வுகளுக்கான கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே நெட்வொர்க் ஏறுக்குமாறாக நடந்துகொள்ள, காரணத்தைப் பிடிக்க ஒரே மாலையில் உட்கார்ந்து ஏறத்தாழ ஆயிரம் வரி எழுதினார். வேடிக்கை என்னவென்றால், புரோகிராம் தன் முதல் செய்திப் பாக்கெட்டை அனுப்புவதற்கு முன்பே கோளாறை வேறு வழியில் கண்டுபிடித்துவிட்டார். கல்லூரி நாட்களில் சோனார் பற்றிப் படித்தவர் என்பதால், நீர்மூழ்கிக் கப்பல்களில் கேட்கும் அந்த எதிரொலிச் சத்தத்தையே பெயராக வைத்தார். தன் வாழ்நாளில் இதுதான் பேர் வாங்கித் தரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்று பின்னாளில் எழுதினார். 2000ஆம் ஆண்டு கார் விபத்தில் இறந்துபோனார்.

மூஸ் பயன்படுத்திய வழி ஏற்கெனவே இருந்தது. இணையத்தில் படமும் பாட்டும் பணமும் போகும் அதே பாதையில், பாதையைப் பற்றிய தகவல்களை மட்டும் சுமக்க ஐசிஎம்பி என்று தனி விதிமுறை உண்டு. ஜான் போஸ்டல் 1981இல் அதை எழுதி வெளியிட்டார். 'அந்த முகவரிக்குப் போக வழியில்லை' என்று அறிவிப்பது இதன் வேலை. 'இதைப் பெற்றால் அப்படியே திருப்பி அனுப்பு' என்பதும் அதில் ஒரு செய்தி. பிங் செய்வதெல்லாம் அந்தச் செய்தியை அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான்.

அலுவலகத்தில் நெட் போய்விட்டால் சிஸ்டம் அட்மின் போனில் கேட்கும் முதல் கேள்வியே "பிங் போட்டீங்களா?" என்பதாக இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் படிப்படியாகப் போவார்கள். முதலில் 127.0.0.1, இது கணினி தன்னையே கேட்டுக்கொள்வது. அடுத்து வீட்டு ரூட்டர், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அங்கே பதில் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள்தான். வைஃபையோ கேபிளோ காரணமாக இருக்கும், நெட் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. மூன்றாவது, கூகுள் 2009இல் தொடங்கிய பொது சர்வரான 8.8.8.8. அதிலிருந்து பதில் ஒழுங்காக வந்து, இணையதளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் விழிக்கிறது என்றால் லைனில் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. "நெட் இல்லை" என்ற ஒரே புகாருக்குள் இத்தனை நோய்கள்.

பதில் வந்தால் திரையில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று நேரம். இது ஓர் அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போட்ட ஐடுஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர எப்படியும் 32 மில்லிவினாடி வேண்டும். எவ்வளவு பணம் கட்டி எந்த 'கேமிங்' பிளான் வாங்கினாலும் அந்தக் கேபிளில் இதைக் குறைக்க முடியாது.

மற்றொன்று டிடிஎல். வழிதவறிய பாக்கெட்டுகள் ரூட்டர்களுக்குள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் நெட்வொர்க்கே அடைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஓர் ஆயுள் எண்ணோடு கிளம்புகிறது. லினக்ஸில் வழக்கமாக 64, விண்டோஸில் 128. கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். பதிலில் டிடிஎல் 57 என்று இருந்தால், அது வரும் வழியில் ஏழு ரூட்டர்களைக் கடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்த மரண அறிவிப்பையே துப்பறியும் கருவியாக்கியவர் வான் ஜேக்கப்சன். 1986இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், நெட்வொர்க் நெரிசலால் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்ததைப் பார்த்து, அதற்கு மருந்து கண்டவர். ஸ்டீவ் டியரிங் சொன்ன யோசனையைக் கேட்டு இவர் எழுதியதுதான் டிரேஸ்ரூட். ஆயுள் 1 என்று ஒரு பாக்கெட்டை அனுப்பினால் முதல் ரூட்டரிலேயே அது செத்து, அந்த ரூட்டரின் முகவரி வந்துசேரும். ஆயுள் 2 என்றால் இரண்டாவது ரூட்டர். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் முழுப் பாதையும் திரையில் வரிசையாக விழும். விண்டோஸில் இதற்கு டிரேசர்ட் என்று பெயர். 5, 8, 9 என்று போய்க்கொண்டிருந்த மில்லிவினாடி திடீரென 45க்குத் தாவி, அதற்குப் பிறகும் இறங்காமல் நின்றால் பாக்கெட் கடல் தாண்டியிருக்கலாம். நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம். பதில் சொல்ல விருப்பமில்லாத ரூட்டர்கள் அவை.

பிங் கதைகளில் சுவையானதை மூஸே பதிவு செய்திருக்கிறார். ஓர் அலுவலகத்தில் ஈதர்நெட் அவ்வப்போது அறுந்துகொண்டே இருந்தது. அங்கிருந்த அட்மின், பதில் வரும்போதெல்லாம் "பிங்" என்று குரலில் சொல்லும்படி கணினியை அமைத்து, ஸ்டீரியோவில் இணைத்து, காது தாங்கும் மட்டும் சத்தத்தை ஏற்றினார். வினாடிக்கு ஒருமுறை அது கத்திக்கொண்டிருக்க, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அதுதான் குற்றவாளி.

பதில் வராததால் மட்டும் ஒரு சர்வரைச் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. 1990களின் நடுவில் 65,535 பைட்டைவிடப் பெரிய பிங் பாக்கெட்டை அனுப்பிக் கணினிகளை முடக்கும் குறும்பு பரவியது. இதுபோன்ற தொல்லைகளுக்கு அஞ்சி இன்றும் பல நிறுவனங்கள் ஃபயர்வாலில் பிங்கைத் தடுத்துவைத்திருக்கின்றன. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், வழியில்லை என்று யாரோ வாய்திறந்து சொல்கிறார்கள். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் மௌனம் மட்டும்தான். அந்த நேரத்தில் பிரவுசரில் அதே தளம் நன்றாகத் திறக்கவும் செய்யலாம். அங்கே பிங்கை விட்டுவிட்டு, வலைத்தளம் உண்மையில் காதுகொடுக்கும் 443ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பார்கள் அட்மின்கள்.