கார் கதவில் மின் பழுதா? மோட்டாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் மானிட்டர் திடீரென இருண்டுவிட்டால் என்ன செய்கிறோம்? புது மானிட்டர் வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை. பவர் கேபிள் சரியாகச் செருகப்பட்டுள்ளதா, வீடியோ கேபிள் தளர்ந்துள்ளதா, வேறு கேபிள் மாட்டினால் படம் வருகிறதா என ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கார் கதவுக்கும் இதே வழிதான். கண்ணாடி ஏறவில்லை என்றதும் மோட்டார் போய்விட்டது என முடிவு செய்து புது மோட்டார் மாட்டுகிறார்கள். பணம் போன பின்னும் கண்ணாடி அசையாமல் நிற்கும். ஏனெனில் பழுது மோட்டாரில் இல்லை. அதற்குச் செல்லும் வயரில் இருந்திருக்கும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார், பூட்டை இயக்கும் சிறு மோட்டார், சைடு மிர்ரர் மோட்டார்கள், ஸ்பீக்கர், கதவு திறந்திருப்பதைச் சொல்லும் ஸ்விட்ச் ஆகியவை உண்டு. பழைய கார்களில் ஸ்விட்சிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக வயர் செல்லும். புதிய கார்கள் பலவற்றில் கதவுக்குள்ளேயே ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. இதனை டோர் மாட்யூல் என்பார்கள். நீங்கள் ஸ்விட்சை அழுத்தினால் அது ஒரு தகவலாகச் செல்கிறது. அதனைப் பெறும் மாட்யூல், மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது.

இந்தத் தகவல்கள் செல்ல நெட்வொர்க் வேண்டுமல்லவா? பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய கேன் என்னும் முறை இதற்குப் பயன்படுகிறது. விநாடிக்கு 10 லட்சம் பிட் வரை இதில் அனுப்பலாம். ஸ்விட்ச், மிர்ரர் போன்ற சிறு வேலைகளுக்கு லின் என்னும் எளிய முறை உண்டு. இதன் வேகம் விநாடிக்கு 20 ஆயிரம் பிட் வரை மட்டுமே. கண்ணாடியை ஏற்றச் சொல்ல இது போதும்.

முதலில் அறிகுறியைக் கவனியுங்கள்

1. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் கண்ணாடி நகரவில்லை. இது மின் பழுது அல்ல. கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டர் உடைந்திருக்கலாம்.

2. டிரைவர் ஸ்விட்சில் கண்ணாடி ஏறுகிறது, அந்தக் கதவின் ஸ்விட்சில் ஏறவில்லை. டிரைவர் பக்கம் உள்ள விண்டோ லாக் பட்டன் அழுந்தியிருக்கிறதா எனப் பாருங்கள். இல்லை என்றால் அந்த ஸ்விட்சைச் சோதிக்கவும்.

3. எல்லாக் கண்ணாடிகளும் நின்றுவிட்டன. பியூஸ், டிரைவர் கதவின் மாஸ்டர் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். பல கார்களில் மற்ற கதவுகளுக்கான இணைப்பு மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகவே செல்கிறது.

4. ஒரே கதவில் கண்ணாடி, பூட்டு, மிர்ரர் மூன்றும் வேலை செய்யவில்லை. மூன்று மோட்டார்களும் ஒன்றாகக் கெடுவது அரிது. மூன்றுக்கும் பொதுவானவை வயர்க்கட்டு, எர்த் இணைப்பு, பியூஸ், மாட்யூல் ஆகியவைதான்.

5. கதவைத் திறந்தால் வேலை செய்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது. இது வயர் முறிந்திருப்பதற்கான தெளிவான அறிகுறி.

முறிவு எங்கே ஏற்படும்?

கதவின் கீல் அருகே, கதவையும் காரின் உடலையும் இணைக்கும் மடிப்புள்ள ரப்பர் குழாய் ஒன்றைப் பார்க்கலாம். கதவுக்கான வயர்கள் இதனுள் செல்கின்றன. நாளொன்றுக்குப் பத்து முறை கதவைத் திறந்தால், ஆண்டுக்கு 3,650 முறை இந்த வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. நாளடைவில் உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறை நன்றாகவே இருக்கலாம். எனவே பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே அறுந்த வயர் ரப்பர் போல நீளும்.

மல்டிமீட்டர் தரும் தவறான நம்பிக்கை

பலர் ஏமாறும் இடம் இது. மோட்டார் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். வயர் நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் பழுது என முடிவு செய்துவிடுவார்கள். மீட்டர் மிகச் சிறிய அளவு மின்சாரமே எடுக்கிறது. ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். மோட்டாருக்கோ பல ஆம்பியர் தேவை.

எனவே கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, மோட்டாரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, இன்னொருவரை ஸ்விட்சை அழுத்தச் சொல்லுங்கள். ஏறக்குறைய 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், பழுது மோட்டாரில்தான். 3 வோல்ட் போலக் குறைந்தால் வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. எர்த் இணைப்பையும் மறக்காமல் பாருங்கள்.

ஸ்கேனர் உதவுமா?

ஸ்டியரிங் பக்கம் கீழே 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி.2 சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. இதில் புளூடூத் ரீடரைச் செருகி மொபைல் போனிலோ லேப்டாப்பிலோ பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். பி என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடு காரின் உடல் பகுதியையும், யு எழுத்தில் தொடங்குவது நெட்வொர்க்கையும் குறிக்கும். விலை குறைந்த ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் தகவலை மட்டுமே படிக்கும். அதில் பழுது இல்லை என வந்தால் கதவு சரி என்று பொருள் அல்ல. குறியீடு வந்தாலும் அது எந்தச் சர்க்யூட் என்றுதான் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

சரி செய்வது எப்படி?

அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் சில நாட்களில் மீண்டும் அறும். அதே தடிமனுள்ள வளையும் வயரைச் சற்று நீளமாக வெட்டி, ஒரு இணைப்பைக் கதவுக்குள்ளும் மற்றதைக் காரின் உடலுக்குள்ளும் வரும்படி அமைக்கவும். மடங்கும் இடத்தில் இணைப்பு வரக் கூடாது. சால்டர் வைத்த இடம் விறைப்பாகி அதன் ஓரத்தில் வயர் அறுந்துவிடும். இணைப்பின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடவும்.

கவனிக்க வேண்டியவை

* கனெக்டர்களைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கார் கையேட்டில் சொல்லியுள்ள நேரம் காத்திருக்கவும். சில கார் கதவுகளில் ஏர்பேக் சென்சார் உண்டு. மஞ்சள் கனெக்டர்களில் மீட்டரை வைக்கவே கூடாது.

* பியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் பியூஸ் மட்டுமே போடவும். பெரிய பியூஸ் போட்டால் வயர் தீப்பற்றலாம்.

* கதவின் உட்புறம் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டவும். இல்லையெனில் மழைநீர் காருக்குள் வரும்.

* சோதிக்கும்போது கண்ணாடி வழியில் கை வைக்கக் கூடாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

இவ்வளவும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. மெக்கானிக்கிடம் சென்றாலும், "ஸ்விட்சை அழுத்தியபடி மோட்டாரில் எத்தனை வோல்ட் வருகிறது?" என ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பின்னர் புது மோட்டாருக்குப் பணம் கொடுக்கலாம்.