கொள்ளை நோயும் கொச்சைப் பகிடியும்

புலம்பெயர்ந்த எமது கலை விழாக்களில் கூத்து மேடையேறும்போது, இரவிரவாக ஆடப்பட்டது ஒரு மணித்தியாலமாகச் சுருங்குகிறது. முதலில் வெட்டுப்படுவது 'பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கூடாது' என்று கருதப்படும் பகிடி. அது வெறும் அழுக்கா, அல்லது அரங்கின் ஓர் உறுப்பா? இதற்கு விடை தேட, எமது அயலவரான சிங்கள மக்களின் 'சன்னி யக்கும' என்ற சடங்கு அரங்கிலிருந்து தொடங்க விரும்புகிறேன். கொள்ளை நோயைக் கதையாகக் கொண்டு, பாட்டும் ஆட்டமும் பச்சைப் பகிடியுமாக விடியும்வரை நடப்பது அது.

கதை நிகழும் இடம் விசாலா நகர். இன்றைய பீகாரிலுள்ள, லிச்சவியரின் தலைநகராயிருந்த வைசாலியே அது. பஞ்சமும் கொள்ளை நோயும் அந்நகரை அழித்தபோது புத்தர் அங்கு வர, இரத்தின சூத்திரம் ஓதப்பட்டு நோய் நீங்கியது என்பது பாளி உரைநூல்கள் தரும் செய்தி. தென்னிலங்கைச் சடங்கு இதற்கு ஒரு முன்கதை சொல்கிறது. அரசன் கர்ப்பிணியான அரசியின் கற்பைச் சந்தேகித்து, விசாரணையின்றிக் கொல்விக்கிறான். அவளது பிணத்திலிருந்து பிறந்த பிள்ளையே கோல சன்னி யக்கா. அவன் நஞ்சிலிருந்து பதினெட்டு நோய்ப் பேய்களை உண்டாக்கித் தந்தையின் நகரைப் பழிவாங்குகிறான்.

சடங்கில் நோயாளி ஆடுகளத்தை நோக்கி இருத்தப்படுவார். முன்னிரவில் பயமே மேலோங்கி நிற்கும். நள்ளிரவுக்குப் பின்னர் முகமூடி அணிந்த பேய்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்க, நிலைமை மாறுகிறது. உறுமிக்கொண்டு வந்த பேயை மேளகாரர் மறித்து வாய்க்கு வாய் கொடுக்கிறார். பேய் சொற்களைப் பிழையாக விளங்கிக்கொள்கிறது. இரட்டை அர்த்தம், உடலுறுப்பு, மலசலம், படுக்கை எல்லாம் பேச்சில் வருகின்றன. ஈற்றில் புத்தரின் அனுமதிக்கு உட்பட்டுக் காணிக்கையை வாங்கிக்கொண்டு, நோயையும் எடுத்துக்கொண்டு பேய் போய்விட வேண்டும். 

கணநாத் ஒபேசேகர 1969இல் இச்சடங்கை நோய் பற்றிய கூட்டுப் படிமங்களின் அரங்காக ஆராய்ந்தார். தென்னிலங்கைப் பேயோட்டும் சடங்குகள் பற்றி 1983இல் நூல் எழுதிய புரூஸ் கப்ஃபரர், பகிடியே அவற்றின் திருப்புமுனை என்றார். பயந்தவர் தனித்துப் போகிறார். ஊரோடு சேர்ந்து சிரிக்கும்போது மீண்டும் ஊருக்குள் வருகிறார். அவரது வாதத்தை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

இது எமக்கு அந்நியமானதல்ல. மட்டக்களப்பில் மழை பொய்த்து நோய் பரவும் காலத்தில் கண்ணகி அம்மனைக் குளிர்விக்கக் கொம்புமுறி விளையாட்டு நடத்துவது வழக்கம். ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, கொளுவிய கொம்புகளை இழுக்கும். தோற்ற சேரி மீது வசைப் பாடல்கள் பாயும். அவற்றில் கொச்சைக்குக் குறைவில்லை. சிங்களவரின் 'அங்கெலிய'வும் இதுவே. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையோ, கண்ணகிக்கு இழைத்த அநீதியின் பின் பாண்டிநாட்டில் மழை பொய்த்து, வறுமையும் வெப்பு நோயும் அம்மையும் தொடர்ந்தன என்கிறது. மதுரையிலும் விசாலாவிலும் நோயின் வேர் ஒன்றுதான்: அரசன் விசாரியாமல் செய்த கொலை. நோயைப் பகிடி பண்ணும் சனங்கள், அதை வரவழைத்த அதிகாரத்தையும் சேர்த்தே பகிடி பண்ணுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962) முதலான கூத்துகளைப் பேராதனையிலிருந்து நகர மேடைக்குக் கொண்டுவந்தபோது, படித்தவர் இழிவாக நினைத்த கலைக்கு மதிப்புத் தேட வேண்டியிருந்தது. அதற்குச் சுருக்கமும் செம்மையும் தேவைப்பட்டன. அது பெரும் பணி. ஆனால் அன்றைய தேவை இன்றைய விதியாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் நான் அரங்கியல் கற்பித்த காலத்திலும் பாடத்திட்டத்தில் கூத்தின் தாளக்கட்டு இருந்தது, வசை இருக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கொச்சைப் பகிடியின் சுமையைப் பெரும்பாலும் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே சுமந்தார்கள். சன்னி யக்குமவை ஆடுவோரே பெரவா என்ற மேளகாரச் சாதியினர். விடிந்ததும் அவர்களுக்குப் பழைய இடம்தான். எல்லாப் பகிடியும் விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கேட்டே ஒவ்வொன்றையும் எடுக்கவோ விடவோ வேண்டும். கேளாமலே வெட்டுவது வேறு.

பொக்காச்சியோவின் 'டெக்கமறன்' நூலிலும் 1348இன் கொள்ளை நோயும் படுக்கையறைப் பகிடியும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் அங்கே பிளொறன்ஸ் நகரைவிட்டு ஓடிய பத்துப் பேர் நாட்டுப்புற மாளிகையில் இருந்து கதை சொல்கிறார்கள். சன்னி யக்குமவில் நோயாளியை முன்னுக்கு இருத்தியே சிரிக்கிறார்கள். இவ்வேறுபாட்டை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. 2020–21இல் பிறம்ரனின் தொழிற்சாலைகளில் கொவிட் பரவியபோது, வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர்கள் நாங்களல்ல. எங்கள் வரிசையில் பஞ்சாபியரும் யமேக்கரும் தமிழரும் மூக்குக்குள் குச்சி விடும் பரிசோதனையைப் பற்றிச் சொன்ன பகிடிகளை இங்கே எழுத முடியாது. அவற்றைச் சொன்னவர்கள் பயமில்லாதவர்களல்ல. அடுத்த கிழமை யார் வரமாட்டார் என்று தெரியாதவர்கள்.

எமது பெரும் அழிவு பற்றிய மேடைகளில் ஒப்பாரியும் வீரமும் இருக்கின்றன. பகிடிக்கு இடமில்லை, போர்க்காலத்தில் அதிகாரங்களைப் பகிடி பண்ணியவர்கள் பட்ட பாடு இவ்விதழின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஓடித் தப்பிய நாங்கள் அங்கே இருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமையற்றவர்கள். அவர்களோடு சேர்ந்து அதிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பது வேறு விடயம். அதற்கான மொழி கூத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது தெரிந்த முதியவர்கள் இந்த நகரங்களின் நிலக்கீழ் அறைகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். விழாவுக்கென்று வெட்டாமல், அவர்களுக்குத் தெரிந்ததை முழுதாகப் பதிவு செய்யத் தொடங்குவோம். எதை மேடையேற்றுவது என்பதைப் பிறகு சண்டை பிடித்துத் தீர்மானிக்கலாம். மறுப்புள்ளவர்கள் எழுத வேண்டும்.